துச்சாதனன் கேட்ட மன்னிப்பு

14.5.1996, செவ்வாய்

நேற்றிரவு எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் நடந்த கூத்தில் என் வீட்டுக்காரர்தான் துச்சாதனன். சேலையைத் தொடும் முன் கற்பூரம் ஏற்றி, திரௌபதி வேஷக்காரர் காலில் விழுந்து, "தாயே, மன்னிச்சிடும்மா" என்று அழுதார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் அடித்ததால்தான் இரண்டு மாதமாக இங்கே அம்மா வீட்டில் இருக்கிறேன்.

காலையில் அரிதாரம் சரியாகக் கழுவாத முகத்தோடு வந்தார்.

"கிளம்பு, வீட்டுக்குப் போலாம்."

"ராத்திரி கால்ல விழுந்தீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அது சாமிடி."

"அப்ப நான் யாருங்க?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் கூடப் போகவில்லை என்ற கோபத்தில் அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நான் கேட்டது சரிதான். ஆனாலும் தெருவில் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருகிறேன். அவராக இருந்தால் கதவைத் திறப்பேனா, தெரியவில்லை.