பலகை மாறிய பருத்தி

மார்ச் 3, செவ்வாய்

இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் பழைய நெசவாளர் வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு வருடமாக நான் வளர்த்த தோட்டத்தை எடுத்துவிட்டு, ஜல்லி கொட்டி நாற்காலி போடலாமாம். "அருங்காட்சியகத்துக்கு வர்றவங்க வீட்டைப் பாக்குறாங்க, தறியைப் பாக்குறாங்க. செடியை யாரும்மா பாக்குறாங்க?" என்றார் மேலாளர். நாளையிலிருந்து மூன்று நாள், செடி முன்னால் நிற்பவர்களை ஒரு பெண் எண்ணப் போகிறாள். அதை வைத்துத்தான் முடிவு.

பெயர்ப் பலகைகளைக் கழற்றிப் புதுப் பெயின்ட் அடித்தேன். பளிச்சென்று இருந்தால் நிற்பார்கள் அல்லவா?

மார்ச் 4, புதன்

விடிந்ததும் அவசர அவசரமாகப் பலகைகளை நட்டேன். நின்றார்கள்! நூற்றுப் பத்துப் பேர். மேலாளர்கூட ஒரு பலகை பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கணக்கெடுக்கும் பெண்தான் என் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டாள்.

"அக்கா, எல்லாரும் பலகையைத்தான் படிக்கிறாங்க. செடியைப் பாத்தது நாலே பேரு."

மார்ச் 5, வியாழன்

தண்ணீர் ஊற்றும்போதுதான் கவனித்தேன். காய் வெடித்துப் பஞ்சு தொங்குகிறது, அதன் கீழே என் கையெழுத்தில், 'நீலச் சாயம் தரும் அவுரி.' அவுரிக்குக் கீழே 'பருத்தி.' மாற்றி நட்டிருக்கிறேன், பாவி! நேற்று முழுக்க ஒருத்தர் கேட்கவில்லையே. சரி, நான் மட்டும்? கூட்டத்தைத்தானே எண்ணிக்கொண்டிருந்தேன், செடியைப் பார்த்தேனா?

அழுகையும் ஆத்திரமுமாக எல்லாப் பலகையையும் பிடுங்கிக் கொட்டகையில் எறிந்தேன்.

பதினோரு மணிக்கு ஒரு அம்மாள் பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கணவரின் சட்டைக் கையைத் தொட்டார். "ஏங்க, இங்க வாங்களேன். இதுதாங்க நீங்க போட்டிருக்கிறது!" அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் செடியைக் காட்டிக் காட்டிக் கேள்வி கேட்டார்கள்.

சாயங்காலம் மேலாளர் குதித்தார். "நாளைக்குப் பலகை இல்லேன்னா நீங்களும் வர வேணாம்."

மார்ச் 6, வெள்ளி

பலகையை நடவில்லை. வேலையும் போனால் என்ன செய்வேன்?

மத்தியானம் மேலாளர் வந்ததும் கணக்கெடுக்கும் பெண் முந்திக்கொண்டாள். "சார், புதன்கிழமை எடுத்த போட்டோல உங்க பக்கத்துல இருக்கிறது என்ன செடி?"

செல்போனை எடுத்துப் பார்த்தார். "அவுரி. அதான் பலகையில போட்டிருக்கே."

"செடியைப் பாருங்க சார்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு பருத்திச் செடியிடம் போய்ப் பஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

மார்ச் 16, திங்கள்

ஜல்லி லாரி வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. டிக்கெட் கவுண்டர் பக்கம் கொட்டச் சொன்னார்களாம்; நாற்காலியும் அங்கேதானாம்.

பலகைகள் மறுபடி வேண்டுமாம் — சின்னதாக, செடிக்குப் பின்னால், இலையை விலக்கினால்தான் தெரிகிற மாதிரி. மேலாளரே சொன்னார். இந்த முறை ஒவ்வொரு செடியையும் பார்த்துவிட்டுத்தான் நட்டேன்.