நாற்பத்தேழு ஜோடி

என் மகளுக்கு,

காலை வேண்டுதலை உன் பெயரில் முடித்துவிட்டு அம்மா எழுதுவது. கடவுள் கிருபையில் அப்பாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும், கேட்கவில்லை.

முதலில் கணக்கு. உன் ஆராய்ச்சிக்காக ஸ்பிரிட் குப்பியில் நீ போட்டு விட்டுப்போன மண்பூரானுக்கு எத்தனை ஜோடிக் கால் என்று போன வாரம் போனில் அப்பாவிடம் கேட்டாய். நாற்பத்தெட்டு என்றார். எண்ணியது நான். கண்புரை வந்ததிலிருந்து அவருக்குப் பூரானும் நூலும் ஒன்றுதான்.

இரட்டைப்படை வரவே வராதேப்பா, யார் எண்ணினது என்று கேட்டாயாம். உங்கம்மாதான், அவ கணக்கு என்னிக்கு தப்பியிருக்கு என்று இவர் பெருமையாகச் சொன்னாராம். நீ சரிப்பா என்று வைத்துவிட்டாயாம். உன் பேரைச் சொன்னதும் நம்ம மண்ணாங்கட்டிக்கு போன்ல சிக்னல் போயிடுச்சுடி என்று, உன் செல்லப்பேரைச் சொல்லி என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

எனக்கு ரோஷம். உன் பூதக்கண்ணாடியை எடுத்தேன். உன் இங்கிலீஷ் பூரான் புத்தகத்தையும் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆனது. இந்த வகைக்குக் கண்ணே கிடையாதாம். குஞ்சாக வரும்போது எத்தனை காலோ, சாகும்வரை அத்தனைதானாம். பெண்ணுக்கு ஆணைவிடச் சில ஜோடி கூடுதல். எந்த இனம் என்று பிரிக்க அந்த எண்ணிக்கையும் வேண்டும், ஆனால் ஜோடிகள் எப்போதும் ஒற்றைப்படைதான் என்று போட்டிருக்கிறது. ஐந்து தடவை எண்ணினேன். ஐந்து தடவையும் நாற்பத்தெட்டு.

ஆறாவது தடவை மல்லாக்கப் போட்டுப் பார்த்தேன். தலையை ஒட்டிய ஜோடி மற்றதைப் போலப் பக்கவாட்டில் நீளவில்லை. வாய்க்கு அடியில் வளைந்து, நுனி கறுத்திருந்தது. புத்தகத்தில் படம் இருக்கிறது. ஆதியில் காலாக இருந்ததுதானாம் அது. நஞ்சு ஏற்றும் கொடுக்காக மாறிவிட்டது. நான் அதையும் காலோடு சேர்த்து எண்ணியிருக்கிறேன். ஆகவே நாற்பத்தேழு. உன் சீட்டில் திருத்திக்கொள்.

அதற்குப் பிறகுதான் அன்றைக்கு உன்னிடம் நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

ஆறு மாதத்தில் வயிற்றிலேயே பிள்ளை போய், நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். பூச்சி மண்ணுல கை வைக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா என்றேன். காரணம் ஒன்று தெரிந்தால் உன் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன் மகளே. அதையும் காலோடு சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறேன்.

மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதை உனக்கு முன்னால் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. மறுநாள் நீ பெட்டியைக் கட்டிவிட்டாய். அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள் என்று தினமும் கடவுளிடம் மன்றாடினேன். உன்னிடம் சொன்னதை அவரிடமா திருப்பிக் கேட்பது என்று இப்போதுதான் உறைக்கிறது.

இன்னொரு சேதி. பின்னறை அலமாரியில் கறுப்புக் காகிதம் சுற்றிய டப்பா அப்படியே இருக்கிறது. முட்டை இருக்கிறது, திறக்காதே என்று எழுதி மூன்று கோடு போட்டிருக்கிறாய். மூன்று கோடும் எனக்காகத்தான் என்று தெரியும். தாய்ப் பூரான் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும், யாராவது தொந்தரவு செய்தால் அதுவே தின்றுவிடக்கூடும் என்று படித்தேன். பாவம், அதை நான் குறை சொல்லமாட்டேன்.

நீ போய் நாற்பது நாள். நான் திறக்கவில்லை. காயாமல் இருக்க வெளியே ஈரத்துணி மட்டும் சுற்றுகிறேன். கொஞ்சூண்டு பார்த்தா என்ன என்று அப்பா நச்சரிக்கிறார், விரட்டிவிடுகிறேன். உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா, எனக்குத் தெரியாது.

நீ வந்து திற. நான் சமையலறையிலேயே இருப்பேன். கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாவிட்டாலும் சரி.

உன் கைகளை, நகக்கண்ணில் மண் ஏறிய அந்தக் கைகளை, கடவுள் காக்கட்டும்.

உன் அம்மா