தெற்கு மூலையில் நிற்கும் பொம்மை

உன் வீட்டு மிளகாய் இன்னும் என்னைத் தும்ம வைக்கிறது. நாம் இருவரும் செய்த மாதிரி வீட்டைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இப்போதுதான் இழுத்தேன். நெடி மூக்கில் ஏறிவிட்டது. அறிவியல் கண்காட்சி வரைக்கும் அதை உன் வீட்டு மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாய் அல்லவா? அம்மா அடுத்த அறையில் தூங்குகிறாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று போய்த் திரும்பி வராதவளுக்கு நான் கடிதம் எழுதுவது தெரிந்தால், காலையில் என்னை மந்திரிக்க அழைத்துப் போய்விடுவாள். அதனால் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். வெளிச்சம் நம் மாதிரி வீட்டின் விளக்குதான். கண்காட்சிக்குப் பிறகு நீ அதில் ஒட்டிய பழைய செல்போன் பாட்டரி இன்னும் உயிரோடு இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இது உனக்குப் புதுச் செய்தி இல்லை.

நம் பள்ளியின் புதுக் கட்டடத்துக்கு நாளை திறப்பு விழா. நாம் செய்த மாதிரியே நடுவில் காற்றுக்கு இடம் விட்ட சுவர், வெயில் விழும் பக்கம் சன்னலுக்கு மேல் நீண்ட சன்ஷேட், கூரையில் வெள்ளை ஓடு, மேலே சோலார் தகடுகள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதே "நம்மளப் பாத்துதாண்டி கட்டுறாங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். "மத்தியானம் கணக்கு பீரியட்ல இனிமே வேர்க்காது. தூக்கம் நல்லா வரும்" என்றாய். வந்தவர்களுக்குக் கட்டடத்தை விளக்க வேண்டியவள் நீ. இப்போது அந்த வேலை என் தலையில்.

நாம் மாதிரி வீட்டுக்குச் சுவர் வைத்த அன்று, கரும்புக் கொல்லையிலிருந்து வந்த உன் அப்பா அதைத் தட்டிப் பார்த்தது நினைவிருக்கிறதா?

"இன்னாம்மா, சொவத்துக்குள்ள ஒண்ணுமே காணோம்?"

"காத்துப்பா. வெயிலு உள்ள ஏறாது."

"எலி ஏறுமே."

"ஏறட்டும். அதுக்கும் ஜில்லுனு இருக்கும்."

ஆனால் நம் மாதிரி வீட்டின் மேல் அவருக்கு அப்படியொரு பெருமை. பாகூர் கண்காட்சியன்று, நமக்குத் தெரியாமல், காய்ந்த கரும்புச் சோகையில் கட்டிய கட்டைவிரல் உயரத் திருஷ்டி பொம்மையைக் கூரையின் தெற்கு ஓரத்தில் நட்டுவிட்டுப் போய்விட்டார். வெயிலுக்காக மேஜையை வாசலுக்கு இழுத்துப் போட்டிருந்தோம். நடுவர் வந்தார். நீ பொத்தானை அழுத்தினாய். விளக்கு எரியவில்லை.

"இன்னாம்மா, பச்சை வூட்டுல பவர் கட்டா?" என்று சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது. நீ வயரைப் பார்த்தாய், தகட்டைப் பார்த்தாய், அதன்மேல் விழுந்த நிழலைப் பார்த்தாய். பெரியவர்களிடம் நீ எப்போதும் ஆரம்பிப்பது போலவே ஆரம்பித்தாய்:

"சார், ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

பொம்மையைப் பிடுங்கி வடக்கு மூலையில் நட்டாய். விளக்கு எரிந்தது. "எங்கப்பா வெச்சது சார். எடுத்துட்டா கோச்சுக்குவாரு. வடக்கால வெச்சா நெழலு வெளியில உழுந்துடும். அப்பாவுக்கும் கோவமில்ல, சூரியனுக்கும் கோவமில்ல." நடுவர் இருமும் வரை சிரித்தார்.

அதே பொம்மை இப்போது ஆள் உயரத்துக்கு வளர்ந்து நம் பள்ளிக் கூரையில் நிற்கிறது. ஊர்க்கண் படக் கூடாது என்று தலைமையாசிரியை மிஸ்ஸே வில்லியனூர் சந்தையில் வாங்கி, ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று தெற்கு மூலையில் கட்டச் சொன்னார். பேன்ட், சட்டை, முறுக்கு மீசை. பி.டி. சார் மாதிரியே இருக்கிறது என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். சாருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது போல. அதைக் கடக்கும்போதெல்லாம் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

இன்று ஒத்திகை. கூரைத் தகடுகளுக்குப் பாட்டரி இன்னும் வரவில்லை; வெயில் அடித்தால்தான் விசிறி சுற்றும். பந்தியில் மோருக்குக் காத்திருப்பவர் தலையைத் திருப்புவது போல அது மெல்ல அசைந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் மேகம் என்றார். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. எனக்குத் தெரியும்: பொம்மையின் நிழல் முதல் தகட்டின் மேல் படுத்திருந்தது, ஒரு தகடு சோர்ந்தால் அந்த வரிசையே சோர்ந்துவிடும்.

"சோலார்னா இவ்ளோதான் போல. நாளைக்கு மெயின் லைன்லேருந்து குடுத்துடுங்க, யாருக்குத் தெரியப் போவுது" என்றார் மிஸ்.

அப்படியானால் கரன்டில் ஓடும் விசிறிக்குக் கீழே நின்றுகொண்டு, "இது வெயிலில் சுற்றுகிறது" என்று காய்ச்சலுக்கு முன்பே நீ எழுதி வைத்த வாக்கியத்தை நான் சொல்ல வேண்டும். உன் வாக்கியத்தை என் வாயால் பொய்யாக்க வேண்டும். கையைத் தூக்கினேன்.

"என்னம்மா?"

"தண்ணி குடிக்கணும் மிஸ்."

போய்க் குடித்தேன். திரும்பி வந்து மறுபடி கையைத் தூக்கினேன். மறுபடியும் தண்ணீர்தான். "உடம்புக்கு என்னடி?" என்று மிஸ் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வயிறு குடமாக வீடு வந்தேன்.

உன் அப்பாவின் சோகைப் பொம்மையை ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துவிட்டேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் மிஸ் அறை வாசலில் நிற்கப் போகிறேன். பொம்மையை எடுக்கச் சொல்ல மாட்டேன். வடக்கு மூலைக்கு மாற்றச் சொல்வேன். தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே விட்டுப் போகிறேன்.

முதல் வாக்கியத்தை இப்போது மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மிஸ், ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

குரல் ஏறக்குறைய உன்னுடையது போலவே வந்தது. ஆனால் சொல்வதற்காக மூக்கை விட்டுவிட்டேன். தும்மியும்விட்டேன். அம்மா எழுந்துவிட்டாள், விளக்கை அணைக்கிறேன்.