மூன்று மில்லிமீட்டர்

அன்புள்ள அண்ணிக்கு,

அங்கே நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். இன்று காலை முதல் வேலையாக, நோயாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆஸ்பத்திரியில் என் எக்கோ ஸ்கேன் அறையைத் திறந்து, உங்கள் தம்பியின் பழைய இதயப் படங்களை எல்லாம் எடுத்து மறுபடி அளந்தேன். ஆறு வருடம், ஆறு படங்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் நீங்கள் அழுவீர்கள், நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

அவருடைய இதய வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிகிறது என்பது உங்களுக்குத் தெரியும். கசிந்ததையும் சேர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் அறை பெரிதாகிக்கொண்டே போகும். சுருங்கிய நிலையில் அதன் அகலம் ஐம்பது மில்லிமீட்டரைத் தொட்டால் ஆபரேஷன் என்பது எங்கள் டாக்டர் வைத்திருந்த எல்லை. வருடா வருடம் அதை அளந்தது நான்தான். மதிய இடைவேளையில் வந்து சட்டையைக் கழற்றிப் படுத்துக்கொண்டு, "அம்பதைத் தொட்டா அறுத்துடுவாங்களாமே, பாத்து அளம்மா தாயே" என்று கிண்டல் செய்வார். உங்கள் அப்பா ஆபரேஷன் மேசையிலிருந்து திரும்பி வராத பயம் அந்தக் கிண்டலுக்குள் இருந்தது. நீங்களும், "கத்தி படாம பாத்துக்கோம்மா" என்றீர்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

இதயச் சுவரின் ஓரம் படத்தில் பென்சிலால் வரைந்தது போல் இருக்காது. மங்கலாக இருக்கும். அந்த மங்கலில் கோட்டை எங்கே வைப்பது என்பது அளப்பவர் கையில் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் கறாராக வைத்த கோட்டை இவருக்கு மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்திருக்கிறேன். பொய் எழுதுகிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் நாற்பத்தெட்டு என்று நான் எழுதிய படம், இன்று அளந்தால் ஐம்பத்தொன்று.

மூச்சு வாங்குவதை அவரும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மைதானத்தில் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு வாத்தியார், ஓரமாக நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். வீட்டில் கேட்டால், "விசில் சத்தம் ஓடினா போதாதா, நான் வேற ஓடணுமா?" என்பார். நானும் சிரித்தேன்.

போன வாரம் புதிதாக வந்த டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். அங்கே என் கைக்கு வேலை இல்லை. இதயம் தள்ளும் ரத்தத்தில் பாதி திரும்பி வருகிறதாம். தசையில் தழும்பு விழுந்துவிட்டதாம். "ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே வந்திருக்கணுமே, எக்கோ யார் பாத்தது?" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன் உங்கள் தம்பி, "மெஷின்தான் பழசு டாக்டர், ஆளு தங்கமான ஆளு" என்றார்.

அவரை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வால்வை மாற்றலாம், தழும்பை ஒன்றும் செய்ய முடியாது. மேசையிலேயே போனாலும் போகலாம். பிழைத்தாலும் பழைய பலம் வராது. செய்யாமல் விட்டால் இரண்டு வருடம் போவதே பெரிது. அடுத்த மாதம் ஆறாம் தேதி என்று குறித்திருக்கிறார்கள்.

அண்ணி, இன்னும் யாரிடமும் சொல்லாத ஒன்று. சம்மதப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன், அன்று நான் எழுதிய எண்களையும் இன்று அளந்த எண்களையும் அவர் முன்னால் வைக்கப் போகிறேன். பிறகு எங்கள் டாக்டரிடமும். வேலை போகும், அது கிடக்கட்டும். இவர் என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விடலாம். அதனால் எப்படியாவது லீவு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் தலையைத் திருப்பிப் பார்க்க அங்கே ஒருவர் நிற்க வேண்டும். என்னை என்ன சொல்ல வேண்டுமோ, அதை அப்புறம் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கத்துடன்,
உங்கள் தம்பியின் மனைவி