உம்மு குல்சுமின் பாடப் பதிவுகளைச் சுருக்க வேண்டாம்

அனுப்புநர்:
ஜ. இன்ஷிரா,
தரம் 11,
நூருல் பஹ்ர் வித்தியாலயம்,
சங்குமுனை,
திருகோணமலை மாவட்டம்.

ஊடாக:
அதிபர்,
நூருல் பஹ்ர் வித்தியாலயம்.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்.

விடயம்: கணினி வன்தட்டில் இடத்தை மீதப்படுத்துவதற்காக, பார்வையற்ற மாணவியின் பாட ஒலிப்பதிவுகளைச் சுருக்குவதை நிறுத்தக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதே விடயமாகத் தங்களுக்கு நான் எழுதும் மூன்றாவது மனு இது. முதலாவதற்கு, "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று பதில் வந்தது. இரண்டாவது எங்கள் அதிபரின் அலுமாரியைத் தாண்டவில்லை என்று நினைக்கிறேன். ஆகவே தாங்கள் எதையும் முன்னரே அறிந்திருப்பீர்கள் என்று கருதாமல், முதலில் இருந்து எழுதுகிறேன். நீளத்திற்கு மன்னிக்கவும்.

2. என் வகுப்பில் படிக்கும் உம்மு குல்சுமுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. வருகிற மாதம் நடக்கும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு அவரும் தோற்றுகிறார். பிரெயில் பாடநூல்கள் கேட்டு விண்ணப்பித்தோம். இரண்டு பாடங்களுக்கு மட்டும் கிடைத்தன. மற்றவற்றுள் விஞ்ஞானத்தையும் தமிழ் இலக்கியத்தையும் தரம் 10 முதல் நான் இடைவேளைகளில் கணினி ஆய்வுகூடத்தில் இருந்து வாசித்துப் பதிவு செய்து வந்தேன். படங்கள், வரைபடங்கள், அட்டவணைகள் எல்லாவற்றையும் சொற்களால் விவரித்தேன். ஒரு பூவின் குறுக்குவெட்டு முகத்தைப் பார்க்காத ஒருவருக்குச் சொல்வதற்கு ஒரு பாடவேளை முழுவதும் போயிருக்கிறது.

3. வரலாற்றுப் பாடத்தை மட்டும் ஜெஸ்மின் டீச்சரே தம் குரலில் பதிவு செய்து தந்தார். அவர் வரைபடத்தைக் குல்சுமின் கையிலேயே கற்பித்தவர். "இடக்கைய விரி புள்ள. நடுவிரல் நுனி யாழ்ப்பாணம். பெருவிரல் பக்கம் மன்னார். சுண்டுவிரலுக்குக் கீழ தொடு, அதுதான் நம்மட குடா" என்று அந்தப் பதிவு தொடங்கும். டீச்சர் சென்ற வருடம் இடமாற்றம் பெற்று வேறு மாவட்டத்திற்குச் சென்றுவிட்டார்.

4. இப்பதிவுகள் எல்லாம் ஆய்வுகூடத்தின் பிரதான கணினியில் இருந்தன. முன்பு ஒருமுறை வைரஸ் வந்து கணினிகள் பழுதானதால், பென் டிரைவ் கொண்டுவர எங்களுக்கு அனுமதியில்லை. குல்சுமின் மூத்த சகோதரர் ஸாஜித் நானாவின் பழைய கைபேசியில் ஒரு நேரத்தில் ஒரு பாடம்தான் கொள்ளும். ஒன்றைக் கேட்டு முடித்ததும் அழித்து, அடுத்ததை ஆசிரியரின் முன்னிலையில் ஏற்றுவோம். கணினியில் எப்போதும் மூலம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அழித்தோம்.

5. சென்ற தவணையில் அந்தக் கணினியின் வன்தட்டு நிறைந்துவிட்டது. புதிதாக எதையும் சேமிக்க முடியவில்லை. மேலதிக வன்தட்டு ஒன்று கோரிப் பாடசாலையிலிருந்து கடிதம் போனது. ஒதுக்கீடு அடுத்த வருடம்தான், அதுவரை கோப்புகளைச் சுருக்கி இடத்தை மீதப்படுத்தவும் என்று பதில் வந்தது. தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் றுவைஸ் சேர் அந்தப் பதிலை ஆய்வுகூடக் கதவில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

6. அவர் முதலில் பாடசாலை விழாக்களின் காணொளிகளைத்தான் சுருக்கிப் பார்த்தார். ஒரு பகல் முழுவதும் கணினி ஓடியது. முடிவில் அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. காணொளிகளும் புகைப்படங்களும் பதிவாகும்போதே இறுக்கிக் கட்டப்பட்டுவிடுகின்றன என்றும், கட்டிய மூட்டையை இன்னொரு சாக்கில் போட்டால் மூட்டை சிறுக்காது என்றும் அவரே எங்களுக்குக் கற்பித்திருக்கிறார். ஆனால் கதவில் உத்தரவு ஒட்டியிருந்தது. எது சுருங்கும் என்று தேடியபோது எங்கள் பாடக் குரல் பதிவுகள்தான் அகப்பட்டன. அவை இறுக்கப்படாத பெரிய கோப்புகள். வரலாற்றுப் பாடத்தை மென்பொருளில் இட்டு, "மிகச் சிறியது" என்ற தெரிவைக் கொடுத்தார். பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. மூலங்களை அழித்துவிட்டார்.

7. அவர் கவனமில்லாமல் செய்யவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அழிக்க முன் ஒரு கோப்பை ஓடவிட்டு, என்னையும் கூப்பிட்டுக் கேட்கச் செய்தார். "நல்லா விளங்குதுதானே புள்ள. பிறகென்ன?" என்றார். எனக்கும் விளங்கியது. குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது, அவ்வளவுதான். நானும் ஓம் என்றேன். குல்சுமை அப்போது நாங்கள் இருவரும் கூப்பிடவில்லை.

8. குல்சும் எங்களைப் போலக் கேட்பவரல்லர். நாங்கள் கண்ணால் ஒரு பக்கத்தை ஓட்டிப் பார்க்கும் வேகத்திற்கு ஈடாக, அவர் பதிவுகளை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார். சிறு வயதிலிருந்து அப்படிப் பழகியவர். இல்லாவிட்டால் பாடத்திட்டம் முடியாது. சுருக்கிய பதிவை அந்த வேகத்தில் வைத்ததும், "என்னடி இது, ஜெஸ்மின் டீச்சர் தண்ணிக்குள்ள இருந்து கதைக்கிறாவா?" என்று சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் கைபேசியை றுவைஸ் சேரிடம் கொண்டுபோனேன். அவர் காதில் வைத்து ஒருமுறை கேட்டார், திரும்பவும் கேட்டார். "எனக்கும் ஒண்டும் விளங்கல்ல" என்று சொல்லிக் கதிரையில் அமர்ந்துவிட்டார். அழித்தவற்றை மீட்க அவர் எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை.

9. கோப்புகளைச் சுருக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சுருக்குவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று துணியை மடித்து வைப்பது போல. விரித்தால் ஒரு நூலும் குறையாமல் வரும். பாடக் குறிப்புகளையும் புள்ளி அட்டவணைகளையும் அப்படி மடிக்கலாம், நிறைய இடம் மிஞ்சும். மற்றது மீனைக் கருவாடாக்குவது போல. இடம் கொஞ்சம்தான் எடுக்கும், கெடாமலும் இருக்கும். ஆனால் எவ்வளவு ஊறவைத்தாலும் கருவாடு மீண்டும் மீன் ஆகாது. குரலை அளவாகச் சுருக்கியிருந்தால் குல்சுமின் வேகத்திற்கும் தாங்கியிருக்கும் என்று நூலகத்தில் வாசித்து அறிந்தேன். எந்த அளவு தாங்கும் என்பதை அவர் காதுதான் சொல்ல முடியும். அவரைக் கேட்காமல் செய்ததே பிழை. அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

10. இப்போது விஞ்ஞானமும் தமிழ் இலக்கியமும் மட்டும் மூலமாக எஞ்சியிருக்கின்றன. வன்தட்டில் இன்னும் இடம் போதாததால், இம்மாத இறுதியில் அவற்றையும் அதே முறையில் சுருக்க வேண்டியுள்ளது என்று அதிபர் சொல்லிவிட்டார். வரலாற்றை நான் திரும்ப வாசித்துப் பதிவு செய்யலாம் என்றால், அதைச் சேமிக்கவும் இடமில்லை.

11. இடம் எங்கே போனது என்று றுவைஸ் சேரின் அனுமதியுடன் பார்த்தேன். இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டு இதை விட்டால் மனுவில் பயனில்லை. வன்தட்டின் பெரும்பகுதியைப் பிடித்திருப்பது கடந்த வருடப் பரிசளிப்பு விழாவின் காணொளி. அதைப் பிடிக்க ஒரு கலியாண வீட்டு ஸ்டூடியோவை அழைத்திருந்தார்கள். மூன்று கமெராக்கள் பிடித்தவை தனித்தனியாக இருக்கின்றன. அவற்றைச் சேர்த்த முழு விழா ஒன்று இருக்கிறது. பூவிதழ்கள் பறந்து வந்து பிரதம அதிதியின் பெயராக மாறும் பாட்டுப் போட்ட பிரதி இன்னொன்று. அதே பிரதி, "பாதுகாப்புக்கு" என்ற பெயரில், மறுபடியும் இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தால், எங்கள் பதிவுகள் எல்லாம் மூலமாகவே இருக்கலாம், வரலாற்றைத் திரும்பப் பதியவும் இடம் மிஞ்சும்.

12. அந்த விழாவின் பிரதம அதிதி தாங்கள்தான், ஐயா.

13. இதை அதிபரிடம் சொன்னபோது அவர் கதவைச் சாத்திவிட்டு, "புள்ள, அதுல டிரெக்டர் இருக்கார். நாளைக்கு அவர் வந்து கேட்டா நீயா பதில் சொல்லப்போறாய்?" என்றார். றுவைஸ் சேரிடம் கேட்டேன். "அழிக்கிறது எனக்கு ஒரு நிமிச வேலை. ஆனா அதிபர் சொல்லாம நான் கை வைக்க ஏலாது" என்றார். பிரதி அதிபரைக் கேட்டேன், அவர் அபிவிருத்திச் சங்கத்தைக் கேட்கச் சொன்னார். சங்கச் செயலாளர் என்னை அதிபரிடம் திருப்பி அனுப்பினார். யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. எல்லாரும் குல்சுமுக்காக வருத்தப்பட்டார்கள். தங்கள் முகம் உள்ள கோப்பில் கை வைக்கத்தான் ஒருவருக்கும் துணிவில்லை. தாங்கள் அதைத் திரும்பப் பார்க்க விரும்புவீர்களா என்று தங்களிடம் கேட்டவரும் இல்லை. அதனால்தான் நான் கேட்கிறேன்.

14. தங்கள் உரையை நான் முன்வரிசையில் இருந்து கேட்டேன். வாசிப்புப் பழக்கத்தைப் பற்றித் தாங்கள் சொன்னவற்றைக் குறிப்பெடுத்தும் வைத்திருக்கிறேன். அந்த உரை முழுமையாக உள்ள பிரதியை அழிக்கும்படி நான் கேட்கவில்லை.

15. ஆகவே தங்களை வேண்டுவது இவ்வளவுதான்:

(அ) விஞ்ஞானம், தமிழ் இலக்கியம் ஆகிய பதிவுகளைச் சுருக்க வேண்டாம் எனப் பாடசாலைக்கு அறிவிக்கவும்.

(ஆ) பரிசளிப்பு விழாக் காணொளியில் ஒரு முழுப் பிரதியை வைத்துக்கொண்டு ஏனையவற்றை அழிக்கலாம் என்று, தங்கள் கையொப்பத்துடன் ஒரு வரி எழுதித் தரவும். ஒரு வரி போதும். றுவைஸ் சேர் அதைக் கதவில் ஒட்டிக்கொள்வார்.

(இ) பரீட்சை முடியும்வரை, பாடசாலை விட்ட பிறகும் ஆய்வுகூடத்தில் பதிவு செய்ய எனக்கு அனுமதி வழங்கவும்.

16. நானும் அதே பரீட்சைக்குத் தோற்றுகிறேன். எனக்கும் படிக்க வேண்டும். இருந்தாலும், சுருக்கிய பதிவைச் சாதாரண வேகத்தில் கேட்டால் பரீட்சைக்கு முன் முடியாது என்பதால், இப்போது ஒவ்வொரு இடைவேளையிலும் வரலாற்று நூலின் முக்கியமான பக்கங்களைத் தெரிந்தெடுத்துக் குல்சுமுக்கு நேரில் வாசிக்கிறேன். பதிவு என்றால் அவர் வேண்டிய இடத்தில் நிறுத்துவார், பின்னால் போவார், திரும்பவும் கேட்பார். என்னிடம் அப்படிக் கேட்பதில்லை. நேற்று ஒரு பந்தி அவருக்கு விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. திரும்ப வாசிக்கவா என்று கேட்டேன். "வேணாம், உனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. போ, அடுத்ததுக்கு" என்றார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அந்தப் பந்தி அவருக்கு இன்னும் விளங்கவில்லை, ஐயா.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
தங்கள் வலயத்து மாணவி,

ஜ. இன்ஷிரா

இடம்: சங்குமுனை
திகதி: 11.02.2025

வாசிக்கக் கேட்டு, முழுவதற்கும் உடன்பட்டு ஒப்பமிடுபவர்:

உம்மு குல்சும்
தரம் 11