மர்ஜானாவின் கரை

தேவிபட்டினம்,
பெருநாள் கழிந்த இரண்டாம் வெள்ளி

என் அன்பு மச்சானுக்கு மெஹருன்னிசாவின் ஸலாம். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கே உங்கள் உடம்பும் மனசும் நன்றாயிருக்க ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆச் செய்கிறேன்.

தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். நம் மகள் மர்ஜானா பெயரை எடுத்தாலே "டூட்டிக்கு நேரமாச்சு" என்று போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். சதக்கத்துல்லா காக்கா லீவு முடிந்து பஹ்ரைன் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே நெத்திலிக் கருவாடும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருக்கிறது. கருவாட்டை அறைக்குள் பொரிக்காதீர்கள். போன தடவை உங்கள் ரூம்காரர்கள் சண்டைக்கு வந்ததை மறக்கவேண்டாம். சுகர் மாத்திரையையும் மறக்கவேண்டாம்.

பெருநாள் முடிந்ததும் மர்ஜானா வேலை பார்க்கும் ஹோட்டலில் போய்த் தங்கிவிட்டு வந்தேன். உங்களிடம் கேட்காமல்தான் போனேன். வேலை செய்கிறவர்களின் தாய் தகப்பனை வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளியாக வைத்துக்கொள்வது அங்கே வழக்கமாம். அழைப்பு உங்களுக்கும் சேர்த்துத்தான் வந்தது.

பாம்பன் பாலம் தாண்டி, ராமேஸ்வரம் தீவின் தென்கரையில் இருக்கிறது அந்த ஹோட்டல். வெளிநாட்டுக்காரர்களெல்லாம் வருகிறார்கள். ஆனால் நான் கண்ணாடி மாளிகையை நினைத்துக்கொண்டு போனால், பனையோலைக் கூரையும் சுண்ணாம்புச் சுவரும் மண்கூஜாவும்தான் இருந்தன. பிளாஸ்டிக் ஒரு துண்டு கிடையாது. சோப்பைக்கூட ஓலையில் சுற்றி வைத்திருந்தார்கள். "இதுக்கா பிளேன் ஏறி வாராங்க? இதெல்லாம் நம்ம தெருவுலயே இருக்கே" என்று மர்ஜானாவிடம் கேட்டேன். "உம்மா, சத்தமாச் சொல்லாதீங்க" என்று சிரித்தாள். குளியலறைக்குக் கூரையே இல்லை. மேலே ஆகாயம். ஒரு காக்கை வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது, நான் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டே குளித்தேன். ஆனால் மச்சான், கட்டிலில் படுத்தபடியே கடல் தெரிந்தது. வெள்ளை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அதைத் தடவிப் பார்த்தபோது உங்கள் ஞாபகம் வந்தது. பஹ்ரைன் ஹோட்டலில் அந்த மாதிரி விரிப்புகளை நீங்கள் துவைத்துத் தேய்த்துத்தான் நம் வீட்டுக் கூரை எழும்பியது.

உங்கள் மகள் அங்கே மேலாளர். எல்லோரும் அவளை மேடம் என்கிறார்கள். தலையில் முக்காடு, கையில் வாக்கி டாக்கி. அவள் நடந்து வந்தால் தோட்டக்காரரிலிருந்து சமையல்காரர் வரை ஏதாவது கேட்க வருகிறார்கள். நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் போன அன்றுதான் அங்கே சென்னைக்காரர்கள் வீட்டுக் கல்யாண வரவேற்பு. இப்போது பங்குனி ஆமை முட்டைகள் பொரிக்கிற காலம். ஹோட்டலை ஒட்டியே வனத்துறையின் வேலி இருக்கிறது. கரையெல்லாம் ஆமையிட்ட முட்டைகளை எடுத்து வந்து அதற்குள் புதைத்துக் காக்கிறார்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நடக்குமாம். கரையில் விளக்கு எரிந்தால் கடலை விட்டு அந்தப் பக்கம் போய்ச் செத்துவிடும். அதனால் இந்த மாதங்களில் கடலைப் பார்த்து விளக்குப் போடுவதில்லை என்று முன்பே சொல்லித்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களோ ஜெனரேட்டரும் பெரிய பெரிய விளக்குகளும் சொந்தமாகக் கொண்டுவந்து கரையில் நட்டுவிட்டார்கள். முதலாளிக்குப் போன் போட்டு, "ஒரு நாள்தானே, விடும்மா" என்று அவரையும் சொல்லவைத்துவிட்டார்கள்.

அந்தி மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வருகிறேன், வேலியைக் காவல் காக்கும் காளிராஜ் ஓடி வருகிறார். "மேடம், மண்ணு அசையுது. குஞ்சு வெளிய வருது" என்றார். மர்ஜானா ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம் நேரே ஜெனரேட்டரிடம் போய் அதை நிறுத்தச் சொன்னாள். கரை முழுக்க இருண்டது. பாட்டும் நின்றது.

பெண்ணின் தாய்மாமா பாய்ந்து வந்தார். எத்தனை பேர் முன்னால் என்றில்லை, "ரூம் கூட்டுற வேலைக்காரிக்கு இவ்வளவு திமிரா? நாளைக்கு நீ இங்க இருக்க மாட்ட" என்று கத்தினார். அந்த இடத்தில்தான் மச்சான், ஹோட்டல் வேலை நம் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம் என்று நீங்கள் ஏன் அப்படி நின்றீர்கள் என்பது எனக்குப் புரிந்தது. ஊரார் பேச்சுக்குப் பயந்து சொல்கிறீர்கள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மர்ஜானா குரலை உயர்த்தவில்லை. தலையும் குனியவில்லை. "நான் இங்க இருப்பேனா மாட்டேனாங்கிறது நாளைக்குப் பேச்சு சார். இன்னைக்கி இந்தக் கரைக்கு நான்தான் பொறுப்பு. சாப்பாட்டுப் பந்திய பின்னால பனந்தோப்புல போடச் சொல்லியாச்சு. குஞ்சு கடலுக்குப் போறதப் பார்க்க ஆசைப்படுறவங்க செருப்பக் கழட்டிட்டு, செல்போன அணைச்சிட்டு எங்கூட வாங்க" என்றாள்.

முதலில் வந்தது மணப்பெண்தான். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே மாப்பிள்ளை, பிள்ளைகள், பெரியவர்கள். காளிராஜ் வேலியைத் திறந்துவிட்டார். உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சுகள், துடுப்பை அடித்துக்கொண்டு வரிசையில்லாமல் போயின. அலை ஒரு குஞ்சைத் திருப்பிக் கரையில் தூக்கிப் போட்டது. அது மறுபடியும் இறங்கியது. அத்தனை கூட்டத்திலும் கடல் சத்தம் மட்டும்தான் கேட்டது. சுப்ஹானல்லாஹ் என்று என் வாய் தானாகச் சொன்னது. அந்த மாமா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு பந்தியில் பிரியாணியை இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் மதுரையிலிருந்து முதலாளியே வந்துவிட்டார். மர்ஜானாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். வேலை போய்விட்டது என்றே நினைத்து என் பையைக் கட்டி, அவள் துணிகளையும் எடுத்து மடித்து வைத்தேன். வெளியே வந்தவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. முதலாளி முதலில் திட்டினாராம். தன் பேச்சை மீறினது தப்புத்தான் என்றாராம். கிளம்பும்போது அந்த மணப்பெண் அவரைத் தேடிப் போய், தன் கல்யாணத்திலேயே நல்ல நேரம் அந்த இருட்டுதான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கடைசியில் அவர், அந்தமானில் இதே மாதிரி ஹோட்டல் ஒன்று திறக்கப்போகிறோம், அதை முழுக்க நீயே ஏற்று நடத்து என்றிருக்கிறார்.

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். "எங்க வாப்பாகிட்டக் கேட்டுத்தான் சொல்லுவேன்னு சொல்லிட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. அத்தனை பேர் முன்னால் உடையாத குரல்.

மச்சான், அங்கே உங்களை யார் என்ன பேசினார்கள் என்று நான் ஒருநாளும் கேட்கமாட்டேன். நீங்கள் பொறுத்ததெல்லாம் எங்களுக்காக என்று எனக்குத் தெரியும். நீங்கள் பொறுத்ததால்தான் உங்கள் மகளால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. மாஷா அல்லாஹ், அவள் நின்றதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் அவளுக்கு ஓய்வு. ஜும்ஆ முடிந்ததும் ஒரு போன் போடுங்கள். எனக்கில்லை, அவளுக்கு. அந்தமான் போகலாமா கூடாதா என்பதை நீங்களே சொல்லுங்கள். கூடாது என்றாலும் பரவாயில்லை, அவள் காதில் விழும்படி சொல்லுங்கள். பிள்ளை வாப்பாவின் குரலைக் கேட்டு வெகுநாளாகிறது.

நிமிர்ந்த தலையோடு உங்களை வீடு சேர்க்க ரப்புல் ஆலமீன் போதுமானவன்.

உங்கள்
மெஹருன்னிசா