பெருக்கியிருந்த வாசல்

அக்டோபர் 6, மர்கிலான்
விதைப் பரிசோதனைக் கூடத்தில் மூன்றாவது வாரம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். இந்தத் தெருவில் வேலைக்குப் போகும் மருமகளும் நான் ஒருத்திதான். ரஷ்யாவிலிருந்து வேலை இல்லாமல் திரும்பியதிலிருந்து என் கணவர் புன்யோத் வீட்டுக் கூடத்தில்தான் தனியாகப் படுக்கிறார். பேச்சும் குறைந்துவிட்டது. மாமியார் மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "வேலைக்குப் போ. ஆனா விடியறதுக்குள்ள நீ வாசல் பெருக்கியிருக்கணும். தெரு பாக்குது."

அக்டோபர் 9
தூங்கிவிட்டேன். பெருக்காமலே பேருந்துக்கு ஓடினேன். மாலையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 10
ஐந்து மணிக்கே வாசலுக்குப் போனேன். பெருக்கி, தண்ணீரும் தெளித்திருந்தது. துடைப்பத்தைக் காணோம்.

எதிர்வீட்டு மருமகள் ஜுல்ஃபியாவிடமிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்ட ஐந்தாம் நாள் அவளைத் தாய்வீட்டுக்கு வண்டி ஏற்றினார்கள். இங்கே மருமகளை யாரும் வாய்விட்டுப் போகச் சொல்வதில்லை. முதலில் வாசலை எடுத்துக்கொள்வார்கள்.

அக்டோபர் 13
இன்றும் பெருக்கியிருந்தது. தேநீர் ஊற்றும்போது கோப்பை சாய்ந்து சிந்திவிட்டது. "ஆபீஸ் போனதும் கோப்பை பிடிக்க மறந்துடுச்சா மகளே?" என்றார் மாமியார். மகளே! கேலியா, அனுப்புவதற்கு முன் காட்டும் மரியாதையா? புன்யோத் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை.

வேலையை விட்டுடறேன்னு சொல்லிடவா? வாய் வரலையே. புன்யோத்துக்கு என்னைப் பிடிக்கும்னு நினைச்சேனே — அது என் நினைப்பு மட்டும்தானா?

அக்டோபர் 14
பட்டச் சான்றிதழைத் துணிப்பையின் அடியில் வைத்தேன். எப்போது போகச் சொன்னாலும் தயாராக இருக்கவேண்டும்.

அக்டோபர் 16
இன்னும் முன்னதாக எழுந்து கதவிடுக்கில் பார்த்தேன். என் நீலப் பூப்போட்ட முக்காட்டைக் கட்டிக்கொண்டு யாரோ குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அகன்ற முதுகு. புன்யோத்!

பால் கறக்கப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சலோமத் அக்கா நின்றாள். "என்னடி மருமகளே, சம்பளம் வாங்க ஆரம்பிச்சதும் தோளு இப்படி அகலமாயிடுச்சு?"

அவர் இன்னும் வேகமாகப் பெருக்கினார்.

நான் கதவைத் திறக்கவில்லை. அழுதேன். பயமும் போகவில்லை — மாமியாருக்குத் தெரிந்தால்?

அக்டோபர் 20
இன்று விடியுமுன்னே முதல் பேருந்துக்குக் கிளம்பி வந்தபோது முற்றத்தில் விளக்கு எரிந்தது. மாமியார் தன் மகனின் தாடைக்குக் கீழே முக்காட்டை முடிந்துகொண்டிருந்தார். "மீசை தெரியுதுடா. இன்னும் கொஞ்சம் இழுத்து மூடு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்கிற? பஸ் போயிடப் போகுது!"